கடவுளுக்கு வாயசைவு கிடையாது

நாற்பத்தாறு வயதுப் பெண்மணியை ஒரு ஸ்டுடியோவே ‘வாண்டு’ என்று கூப்பிடுகிறது என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. அவள் தொண்டை அப்படி. ஏழு வயதுப் பையன் ஒருவன் அதில் எப்படியோ குடிவந்து, காலி செய்ய மாட்டேன் என்று இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வருகிற பொம்மைப் படங்களில் (அனிமேஷன் என்று சொன்னால்தான் இப்போதெல்லாம் மரியாதை) முயல்குட்டி, கரடிக்குட்டி, அம்மாவைத் தொலைத்த பையன், அப்பாவைத் தேடும் பையன் என்று எது வந்தாலும் நம் மொழியில் அதற்குக் குரல் இவள்தான். வீட்டுக்கு ஃபோன் செய்கிறவர்கள் பாதிப் பேர், “பாப்பா, வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்பார்கள். இவளும் விட்டுக்கொடுக்காமல், “இல்ல அங்கிள், எல்லாரும் வெளிய போயிருக்காங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். கிரெடிட் கார்டு விற்கிறவர்களிடமிருந்து தப்பிக்க இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் கிடையாது.

அந்தப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு பார்க்கிற படம் என்றால் அதில் எங்காவது ஒரு கடவுள் வந்தே தீருவார். ஒன்றில் நட்சத்திரமாக வருவார், ஒன்றில் பெரிய மரமாக, இன்னொன்றில் வெறும் வெளிச்சமாக. எல்லா நாட்டிலும் டிக்கெட் விற்க வேண்டும் அல்லவா, எந்தச் சாமி, யாருடைய சாமி என்று ஒருவரும் வாயைத் திறந்துவிடக் கூடாது. அதனால் அவருக்கு முகம் வைக்க மாட்டார்கள். முக்கால் படம் வரை ஆளைக் காணாது. பிள்ளை அழுதால் மேகத்தைப் பிளந்துகொண்டு வந்து கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார். நல்லவர்களுக்குக் கிடைக்கும், கெட்டவர்கள் பள்ளத்தில் விழுவார்கள். கெட்டவர்கள் யார் என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம், மூக்கைக் கோணலாக வரைந்து வைத்திருப்பார்கள்.

கடவுளுக்குக் குரல் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். கனத்த உடம்பு, தீராத வாயுத் தொல்லை. ஸ்டுடியோவில் அவருக்குப் பெயரே கடவுள்தான். “கடவுள் இன்னிக்கு வரமாட்டாராம், வயிறு சரியில்லையாம்” என்று சவுண்ட் இன்ஜினியர் சொன்னால் யாரும் சிரிப்பதுகூட இல்லை, அவ்வளவு பழகிவிட்டது. ஆனால் வாண்டுவும் கடவுளும் ஒரே நாளில் மைக் முன்னால் நின்றதே கிடையாது. வேலை அப்படி. ஒவ்வொருவர் பேச்சையும் தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒட்டுவார்கள். வாண்டு கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று, “கடவுளே, உனக்குக் காது கேக்கலியா?” என்று நெஞ்சு வெடிக்க அழுவாள். அழுது முடித்ததும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். பதில் இன்னொரு நாளைக்கு, இன்னொருவர் வந்து பேசிவிட்டுப் போவார்.

இதில் இன்னொரு சங்கதி. முயலுக்கு வாய் அசையும், அந்த அசைவுக்குள் வார்த்தையை அடக்க வேண்டும், ஓர் எழுத்து கூடினாலும் டப்பிங் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். கடவுளுக்கு அந்தக் கவலை கிடையாது. வெளிச்சத்துக்கு ஏது வாய்? அவர் இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அம்மாவைத் தேடும் முயல்குட்டியின் படம் ஒன்றில் அதுதான் நடந்தது. மூலப் படத்தில் வெளிச்சம் ஒரே ஒரு வார்த்தை சொல்லும், “இருக்கிறேன்” என்கிற மாதிரி. படத்தை வாங்கியவருக்கு அது போதவில்லை. பிள்ளைகள் பார்க்கிற படம், நாலு நல்ல வார்த்தை வேண்டாமா என்று பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வசனம் எழுதுகிறவர் வேறு வரவில்லை. டைரக்டர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த வாண்டு, அலட்டிக்கொள்ளாமல் ஒரு வரியை எடுத்துவிட்டாள்: “நீ நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் கேட்டால் நான் கொடுப்பேன்.” ஆகா என்றார் டைரக்டர். மறுவாரம் கடவுள் வந்து, இரண்டு ஏப்பத்துக்கு நடுவில், அந்த வரியை இடி மாதிரிப் பேசிவிட்டுப் போனார்.

வாண்டு அதை அன்றைக்கே மறந்துபோனாள். அவளுக்கு வீட்டில் ஒரு உலகம் காத்திருந்தது. உலகத்தின் பெயர் சிட்டு, வயது ஏழு, அண்ணன் மகள்.

வாண்டுவுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை என்று வருடக்கணக்கில் டாக்டர், மருந்து, மாமியார் முகம் என்று அலைந்து, கடைசியில் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். இவள் இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அப்போது அண்ணி அந்த வீட்டில்தான் இருந்தாள். அண்ணி நர்ஸ். வேறு ஊரில் பெரிய மருத்துவமனையில் நல்ல வேலை கிடைத்தபோது அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன், நாள் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்குவதே பிழைப்பு, வீட்டில் மட்டும் இறங்கி வரவே மாட்டான். போவதென்றால் பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்றான். சும்மா மிரட்டுவதற்குத்தான் சொன்னான். அவளோ, முதலில் ஹாஸ்டல்தான் கொடுப்பார்கள், வீடு பார்த்ததும் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்று அழுதுகொண்டே போய்விட்டாள். அதற்கப்புறம் அண்ணன் அவள் பேச்சையே எடுக்க விடவில்லை. ஃபோன் வந்தால் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது என்று தங்கைக்கு உத்தரவு.

உத்தரவு என்றா சொன்னேன்? அவளுக்கு அது ஒரு சாக்கு. அண்ணி ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். “தூங்குறா அண்ணி.” “குளிக்கிறா அண்ணி.” “பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருக்கா.” பிள்ளை பக்கத்து அறையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும். வாண்டு கதவை மெல்லச் சாத்திக்கொண்டு, தேன் ஒழுகப் பொய் சொல்வாள். கோணல் மூக்கெல்லாம் ஒன்றும் இல்லை அவளுக்கு, எடுப்பான மூக்குதான். சிட்டு அம்மாவைப் பற்றிக் கேட்டால் அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி என்று முடித்துவிடுவாள். போகப் போகச் சிட்டு கேட்பதை நிறுத்திவிட்டாள். அண்ணியின் ஃபோனும் எப்போதாவது என்றாகிவிட்டது. வாண்டுவுக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. தலைவாரிவிடும்போது சிட்டு பின்னால் சாய்ந்து அவள் மடியில் தலையை வைப்பாள். அந்தக் கனத்துக்காக வாண்டு இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள். ஒருநாளாவது, வாய் தவறியாவது, அத்தை என்பதற்குப் பதிலாக அம்மா என்று வந்துவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். வரவில்லை.

முயல் படம் டிவியில் வந்தது. அத்தை குரல் என்பதால் சிட்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வெள்ளத்தில் அம்மாவைப் பறிகொடுத்த முயல்குட்டி குன்றின் மேல் ஏறி அழும், மேகம் பிளக்கும், கடவுள் பேசுவார், அம்மா முயல் புல்வெளியில் ஓடி வரும். வாண்டு சமையலறையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். தன் தொழிலை வீட்டில் ஒருத்தியாவது ரசிக்கிறாளே என்று பெருமை வேறு.

அப்புறம்தான் அந்த அதிசயம் ஆரம்பித்தது. சிட்டு நல்ல பிள்ளையாகிவிட்டாள். பாகற்காயை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். யூனிஃபார்மைத் தானே மடித்து வைத்தாள். பென்சிலைப் பிடுங்கிக்கொண்ட பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம், வச்சுக்கோ என்று சொல்லிவிட்டு வந்தாளாம். டீச்சரே ஆச்சரியப்பட்டு டைரியில் ஒரு ஸ்டார் ஒட்டி அனுப்பினாள். வாண்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டுடியோவில் டீ குடிக்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி வகுப்பெடுத்தாள். அதட்டினால் பிள்ளை வளராது, பாசம் வேண்டும், பொறுமை வேண்டும் என்றெல்லாம் பேசினாள். நான் வளர்த்த வளர்ப்பு என்ற நினைப்பு அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். சிட்டு ஒரு துண்டை நாலாக மடித்து, மூலையை மூலையோடு சரியாக வைத்து, அதைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அத்தை, நான் இன்னும் எவ்ளோ நல்ல பிள்ளையா இருக்கணும்?”

“எதுக்குடா கண்ணு?”

“அம்மா வர்றதுக்கு.”

வாண்டுவின் முகத்தில் ஈ ஆடவில்லை. சிட்டு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள், மனப்பாடம் ஒப்பிப்பது போல. முயல் கேட்டது, சாமி உடனே கொடுத்தார். தானும் தினமும் கேட்கிறாள், கொடுக்கவில்லை. நல்ல பிள்ளைகள் கேட்டால் கொடுப்பேன் என்று சாமியே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் தன்னிடம் இன்னும் ஏதோ கெட்டது மிச்சம் இருக்கிறது. அது என்னவென்று யோசித்துப் பார்த்துவிட்டாள், தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்தால் சொல்லலாம், அதையும் விட்டுவிடுகிறாள்.

வாண்டு பதறிப்போய் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த வரி சாமி சொன்னதில்லை, அத்தைதான் டீ குடிக்கும்போது சும்மா சொன்னேன், அதைக் காசுக்கு ஒருத்தர் பேசினார், அதற்கும் நீ நல்லவளா கெட்டவளா என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தாள். சிட்டு பொறுமையாகக் கேட்டாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. அந்த இடிக்குரல் எங்கே, அத்தையின் கீச்சுக்குரல் எங்கே. கடவுள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச இவள் யார்?

சிட்டுவிடம் வேறு யோசனை இருந்தது. தான் கேட்டால் கிடைக்கவில்லை, சரி. அந்த முயல் குரலில் கேட்டால் சாமி கொடுக்கிறார், அது கண்ணாரக் கண்டது. அந்தக் குரல் அத்தையிடம்தானே இருக்கிறது?

“நீ எனக்காகக் கேளு அத்தை. அந்தக் குரல்ல.”

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்து, கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்தார்கள். சிட்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வாண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். எத்தனை வருடப் பழக்கம்! கடவுளே என்னும் இடத்தில் குரல் லேசாக உடைந்தது, அம்மா என்னும் இடத்தில் மூச்சு சிக்கியது, முடிக்கும்போது ஒரு விசும்பல். ஸ்டுடியோவாக இருந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். சிட்டு ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

“நீ முயலுக்காகக் கேக்குற. எனக்காகக் கேளு. ஒன் மோர்.”

ஒருமுறை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனபோது டைரக்டரிடமிருந்து பிடித்துக்கொண்ட வார்த்தை அது. வாண்டுவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இந்தப் பிள்ளையின் காதை ஏமாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டது. நிஜமாகக் கேட்க வேண்டும். எது நடந்துவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு பொய் சொன்னாளோ, அதையே நடத்திக் கொடு என்று மனசாரக் கேட்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தச் சின்ன உடம்பு, தலையெண்ணெய் வாசம், தினமும் மடியில் விழுகிற அந்தக் கனம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்று தானே கேட்க வேண்டும். மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். சிட்டு அவசரப்படுத்தவில்லை, நல்ல பிள்ளை அல்லவா.

“சிட்டுவோட அம்மா வரணும்” என்றாள் வாண்டு, பையன் குரலில். “வந்து இவளக் கூட்டிட்டுப் போகணும்.”

இரண்டாவது வரியின் நடுவில் பையன் எங்கோ நழுவிவிட்டான். ‘கூட்டிட்டுப் போகணும்’ என்பது நாற்பத்தாறு வயதுப் பெண்ணின் கட்டைக்குரலில் வெளியே வந்து விழுந்தது. அந்தக் குரலை எந்த ஸ்டுடியோவும் கேட்டதில்லை, அவளே அதிகம் கேட்டதில்லை.

“கடைசியில குரல் மாறிடுச்சு” என்றாள் சிட்டு. பிறகு பெரிய மனசு பண்ணி, “பரவால்ல, இது ஓகே” என்றாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பதில் எப்போது வரும் என்று கேட்டாள். பதில் அன்றைக்கே வராது, வேறு ஒரு நாள்தான் வரும் என்றாள் வாண்டு.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனதும், கண்ணாடி அறைக்குள் நுழையாமல், ஏசி மிஷின் இரைகிற வராந்தாவில் நின்றுகொண்டு அண்ணிக்கு ஃபோன் செய்தாள். பதிலை இன்னொருவர்தான் பேசியாக வேண்டும் என்பது அவள் தொழிலில் படித்த பாடம். அந்த இன்னொருவர் இங்கே தான்தான் என்பது அவளுக்கு இரவு முழுக்கத் தூக்கம் வராமல் புரண்டதில் புரிந்திருந்தது. அண்ணி எடுத்தாள். குரலில் பயம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்றுதான் முதலில் கேட்டாள். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள் என்றாள் வாண்டு.

“அவ என்னைக் கேட்டாளா?” என்றாள் அண்ணி.

“தினம் கேட்டிருக்கா அண்ணி. எங்கிட்ட இல்ல, சாமிகிட்ட.”

அண்ணி மெதுவாக, “நான் ஃபோன் பண்ணப்பல்லாம் அவ தூங்கல, இல்ல?” என்றாள்.

“இல்ல அண்ணி.”

“தெரியும்” என்றாள் அண்ணி. திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. வீடு பார்த்து எட்டு மாதமாகிறது, பிள்ளைக்கென்று ஒரு சின்னக் கட்டில்கூட வாங்கிப் போட்டிருக்கிறேன், வாசலில் வந்து நின்றால் அவர் கதவைத் திறப்பாரா என்று மட்டும் கேட்டாள். கதவை நான் திறக்கிறேன் என்றாள் வாண்டு.

அண்ணனிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். வீடு இரண்டுபட்டது. கூடப்பிறந்தவளே முதுகில் குத்திவிட்டாள் என்று கத்தினான், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாண்டு பணிந்து போகவில்லை. அவளுக்கு எல்லாவற்றையும் இழக்கப்போகிறவளின் தைரியம் வந்திருந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளை இங்கே வரும், நீயும் அங்கே போய்ப் பார்க்கலாம், உன் கோபத்துக்கு அவள் ஏன் பாகற்காய் தின்ன வேண்டும் என்று கேட்டாள். அவனுக்கு அது விளங்கவில்லை. விளக்கிச் சொன்னாள். கேட்டுவிட்டு எழுந்துபோய் பால்கனியில் நின்றான். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கி, மக்கர் பண்ணிய அதன் ஜிப்பைச் சரிசெய்து வைத்தான். அவ்வளவுதான் அவன் சம்மதம்.

சனிக்கிழமை காலை அண்ணி வந்தாள். இளைத்திருந்தாள். அண்ணன் விடியும்போதே ஏதோ லிஃப்ட் நின்றுபோனது என்று கிளம்பிவிட்டான். படத்தில் என்றால் இந்த இடத்தில் பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடும். சிட்டு ஓடவில்லை. அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டாள். வாண்டுவுக்கு, இறைவா, ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு சிட்டு ஒவ்வோர் அடியாக முன்னால் போய், தரையில் மண்டியிட்டிருந்த அம்மாவின் கழுத்துப் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். அப்புறம் அந்தக் கழுத்தை விடவே இல்லை. வாண்டு டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

கார் வந்தது. பெட்டியை அண்ணியே தூக்கிக்கொண்டு இறங்கினாள். வாண்டு கீழே போகவில்லை, முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டாள். பாதிப் படி இறங்கிய சிட்டு, திரும்பத் தடதடவென்று ஓடி வந்தாள். மூச்சிரைத்தது, முகமெல்லாம் ஒளி.

“அத்தை, நான் நல்ல பிள்ளைதான். சாமி குடுத்துட்டாருல்ல?”

“ஆமாடா கண்ணு. நீ எப்பவும் நல்ல பிள்ளைதான்.”

“நீயும் நல்லவதான். நீ கேட்டுத்தானே குடுத்தாரு. உனக்கு என்ன வேணுமோ, இப்ப நீ கேளு” என்றாள் சிட்டு. அவசரமாக ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

வாண்டு கதவைச் சாத்திவிட்டு வந்து ஹாலில் நின்றாள். கீழே கார்க் கதவு அடைபடும் சத்தம் கேட்டது.

“அவளத் திருப்பிக் குடு” என்றாள்.

சொன்ன மறுகணமே தூக்கிவாரிப் போட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கே சாமி கொடுத்துத் தொலைத்துவிடப் போகிறாரோ என்று பயந்துபோய், வேண்டாம், வேண்டாம், அவள் அம்மாவோடயே இருக்கட்டும், நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று கெஞ்சினாள். கார் கிளம்பி, தெருமுனையில் ஹாரன் அடித்து, திரும்பிப் போனது. அந்தச் சத்தம் சுத்தமாக ஓயும்வரை நின்றாள். அப்புறம், யார் காதிலும் விழாதபடி, முதலில் கேட்டதையே இன்னொரு தடவை கேட்டாள்.